மண் ரோடு கேட்டு வந்தவள்

எங்கள் தொழிலில் தார் ரோடு வந்துவிட்டால் தோற்றுப்போனோம் என்று அர்த்தம்.

செய்யும் வேலை இன்னதென்று உறவினர்களுக்கு விளக்க முடியாமல், கல்யாண மண்டபங்களில் தூணுக்குப் பின்னால் நின்று பந்திக்குக் காத்திருக்கும் என் இனத்தவர்களே, கேளுங்கள். நான் சைக்கிளுக்கு வழி தேடுகிறவள். கிராவல் சைக்கிள் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க ரேஸ் சைக்கிள் போலத்தான் இருக்கும். டயர் மட்டும் கொஞ்சம் தடிமன். ஏரிக்கரை, வண்டிப்பாதை, வாய்க்கால் ஓரம் என்று மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்காகவே செய்தது. சென்னையில் இந்தச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஓட்டுவதற்கு மண் ரோடுதான் இல்லை. அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் அழைத்துப்போகும் சின்ன நிறுவனம் ஒன்றை ரேவதி அக்கா நடத்துகிறார். கள்ளக்குறிச்சிப் பக்கம் வழி கண்டுபிடித்துத் தர ஆள் வேண்டும் என்று இணையத்தில் கேட்டிருந்தார். பேச வேண்டாம், மெசேஜ் போதும் என்று போட்டிருந்ததால், புவியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்த நான் விண்ணப்பித்தேன்.

அக்காவின் நிபந்தனை ஒன்றுதான். "முதல் ரைடு முழுக்க மண் ரோட்டுலயே போகணும். தார் ரோட்டுல ஓட்டறதுக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி எதுக்கு வரணும்? வந்தவங்களுக்குப் பிடிச்சா மாசாமாசம் நடத்தலாம், உனக்கும் வேலை நிரந்தரம். இல்லேன்னா செங்கல்பட்டுப் பக்கமே பாத்துக்கறேன்." நிரந்தரம் ஆகாவிட்டால், சென்னையில் மாமா எனக்காகப் பார்த்து வைத்திருந்த வேலைக்குப் போக வேண்டும். நாள் முழுக்கப் போனில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் வேலை என்று அக்காவுக்கும் மெசேஜில் புலம்பியிருந்தேன். கூரியர்காரரிடம் என் பெயரைச் சொல்வதற்கே கதவுக்குப் பின்னால் ஒத்திகை பார்க்கிறவள் நான்.

நல்ல ரோட்டுக்கு வழி

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை பிரிந்து போனது. அருமையான பாதை. அது ஆறு வரைக்கும் போகுமா என்று மட்டும் தெரிய வேண்டும். மொபெட்டில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தவரை நிறுத்திக் கேட்டேன். "ஐய, அது மண் ரோடு பாப்பா. உனுக்கு எதுக்கு அது? என் பின்னாலயே வா, நல்ல ரோட்ட காட்டறேன்" என்றார். எனக்கு வேண்டியதே மண் ரோடுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டியைத் திருப்பி, என் சைக்கிளின் வேகத்துக்கு இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே என்னைப் பத்திரமாகத் தார் ரோட்டில் கொண்டுவந்து சேர்த்தார்.

நன்றி சொன்னேன். அவர் கண்ணிலிருந்து மறையும்வரை தார் ரோட்டிலேயே உற்சாகமாக மிதிப்பதுபோல் நடித்தேன். பிறகு திரும்பி வண்டிப்பாதைக்கே வந்து, பாதித் தூரம் போயிருப்பேன். புல்லை இறக்கிவிட்டு அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, கொல்லையில் இருந்த யாரையோ பார்த்துக் கத்தினார்: "டேய், இந்தப் பாப்பா மறுபடியும் வழி தப்பிட்ச்சுடா!"

எந்த ஆபீசு?

சின்னசேலத்துக்கு அந்தப் பக்கம் கரிசல் பூமி. மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டினால் நீளமான ஏரிக்கரை ஒன்று வரும். அதன் மேல் நின்றால் வடமேற்கே கல்வராயன் மலை முழுவதும் தெரியும். நம் வழியில் இதுதான் மகுடம் என்று முடிவு செய்து, போனில் படம் எடுத்துக்கொண்டே நடந்தேன். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர், அஞ்சலை என்று பெயர், கரையேறி வந்து வழியை மறித்தார்.

"இன்னாம்மா அளக்கிற? எந்த ஆபீசு?"

"அளக்கலைங்க."

"அளக்காம இன்னாத்துக்குப் போன வெச்சிக்கினு சுத்திக்கினு கீற? நெலத்த எடுக்கப் போறாங்களா? முன்னாலயே சொல்லிடு. அழுவறதுக்காவது நேரம் கெடைக்கும்."

அவர் குரலில் விளையாட்டு இல்லை. தட்டுத்தடுமாறி, சென்னையிலிருந்து கொஞ்சம் பேர் இந்தக் கரையில் சைக்கிள் ஓட்ட வரப்போகிறார்கள், அவ்வளவுதான் என்றேன். "இதுலயா? காசு குடுத்தா?" ஆமாம் என்றதும் கொல்லையே சிரித்தது. எந்த ஞாயிறு வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டார். பிறகு கரையைக் காட்டிச் சொன்னார்: "இதுக்குத் தார் ரோடு போடுங்கன்னு போற வர்றவங்ககிட்டலாம் கேட்டுக்கினு கீறோம். போடலன்னு சந்தோஷப்படற ஒரே ஆளு நீதாம்மா."

கரும்பு வண்டிக்குப் பின்னால்

சோதனை ஓட்டத்துக்கு ரேவதி அக்கா வந்தார். அரவைக் காலம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஒன்று, குறுகலான பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆடி ஆடிப் போனது. இரண்டு பக்கமும் வாய்க்கால். அக்கா மணி அடித்தார். நடக்கிற வேகத்தில் அதன் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. அவர் முகத்தில் செங்கல்பட்டு தெரிய ஆரம்பித்தது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். கூச்சத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா விடாமல், "அண்ணே, ஓரம் குடுக்க முடியுமா?" என்று குரல் கொடுத்தார். டிரைவர் வாய்க்காலை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். "ஓரம் குடுத்தா நான் வாய்க்கால்லதாம்மா கெடக்கணும். பின்னாலயே வாங்க, பசிச்சா ஒரு கரும்பு இழுத்துக்கோங்க!"

மலையை ரசிப்பவர்

முதல் ரைடு அன்று காலை, வந்தவர்களில் எல்லோருக்கும் மூத்தவரான சேகர் சார் மலையைக் கண்டதும், அதில் ஏற வேண்டுமோ என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நேரம் பார்த்து, மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகும் பஸ் ஒன்று, ஆள் ஏறிய கனத்தில் முனகிக்கொண்டு பக்கத்துத் தார் ரோட்டில் போனது. அதைப் பார்த்ததும் இன்னும் கலங்கிவிட்டார். நம் வழி கடைசிவரை சமவெளிதான், மலை வெறும் காட்சிக்குத்தான் என்று மெதுவாகச் சொன்னேன். ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். "மலைன்னா அப்படித்தாம்மா இருக்கணும், தூரத்துல."

தூசு அடங்க

எல்லாம் நன்றாகத்தான் போனது. அஞ்சலையின் ஏரிக்கரை வந்தது. முன்னால் ஏறியவர் நின்றார். பின்னால் ஏறியவர்களும் நின்றார்கள். யாருக்கும் சக்கரம் சுற்றவில்லை. முந்தின நாள் வரை புழுதியாகக் கிடந்த கரை முழுவதும் பளபளவென்று ஈரம். கரிசல் மண் நனைந்தால் பசைதான். டயருக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே களி அடைத்துக்கொண்டு, சைக்கிள்கள் பிடித்துவைத்த பிள்ளையார்போல் நின்றன. வானத்தைப் பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை.

கரையின் அடுத்த முனையில் ஒரு தண்ணீர் டேங்கர் நின்றது. அதற்குப் பக்கத்தில் அஞ்சலை, கையில் எலுமிச்சை ஜூஸ் குடத்தோடு. அவர் முகம் விழுந்துவிட்டது. "தூசு ஜாஸ்தியாச்சே, பட்டணத்து ஜனம் இருமிக்கினே போவுமேன்னு தெளிச்சோம்மா. தேருக்குத் தெளிக்கிற மாதிரி, கம்மி பண்ணாம" என்றார்.

இரண்டு கொல்லை தள்ளித் தார் ரோடு தெரிந்தது. "அதுல போயிடலாமே?" என்று ஒருவர் கைகாட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். "தூக்கிக்கலாமா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன்: "சைக்கிள தூக்கிக்கிட்டு நடந்துடலாம்! கரை முடியற வரைக்கும்தான்!" ஏரியில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. என் குரலுக்கு அவ்வளவு தெம்பு இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சேகர் சார்தான் முதலில் தோளில் ஏற்றினார், நாலடியில் தள்ளாடினார். அதற்குள் அஞ்சலை வந்து, முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, சைக்கிளை வாங்கி மேலே ஏற்றிக்கொண்டார். "ஐய, இது இன்னா, கோழிக்குஞ்சு கணக்கா கீது!" எல்லோரும் செருப்பும் ஷூவும் கையிலும், சைக்கிள் தோளிலுமாக வழுக்கி வழுக்கி நடந்தோம். அடுத்த முனையில் மற்றப் பெண்கள் களைக்கொத்தால் டயரின் மண்ணைச் சுரண்டிவிட்டார்கள். ஜூஸ் குடம் காலியாயிற்று. சேகர் சாரின் சைக்கிளில் அஞ்சலை ஏறி உட்கார்ந்து, போட்டோவுக்குப் போஸ் கொடுத்தார். ஒரு சக்கரமும் தார் ரோட்டைத் தொடவில்லை.

மலையடிவாரத்தில் ரைடு முடிந்ததும், எப்படி இருந்தது என்று அக்கா எல்லோரையும் கேட்டார். முழங்கால் வரை மண்ணாக நின்ற சேகர் சார், "அடுத்த மாசமும் வரேன். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க, எனக்குத் தூசே போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் வருகிறோம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். அக்கா என் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போனார். "மாமாவுக்கு போன் போட்டு அந்த வேலை வேணாம்னு சொல்லிடு. பேசக் கூச்சமா இருந்தா மெசேஜ் போடு."

ஆக, முள் குத்தினால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு ஓட்டிவிடலாம், ஊர்க்காரர்களின் பாசம் ஒட்டிக்கொண்டால்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.