ஆணியில் தொங்கிய டோக்கன்

ஆவி, சகுனம் எதையும் நான் நம்பியவள் அல்ல. சமூகப்பணியில் முதுகலை படித்தவள். எதற்கும் சாட்சி கேட்டே பழக்கம். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் உங்கள்மேல் வருத்தமில்லை. என் கோபம் வேறு.

எங்கள் தங்கச்சுரங்க ஊரில், கோரமண்டல் வாசகசாலை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய தேதியில் பிறந்த பெரியவர்களையும் நடந்த பெரிய நிகழ்ச்சிகளையும் ‘வரலாற்றில் இன்று’ என்ற தலைப்பில் எழுதுவது என் பொறுப்பு. ராஜாக்கள், விஞ்ஞானிகள், எங்கோ கவிழ்ந்த கப்பல்கள். எங்கள் காலடியில் செத்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது.

என் தோழி செல்வி பிறந்த அன்றுதான் அவள் அப்பா தேவராஜ் சுரங்கத்தில் பாறை வெடித்துப் புதைந்தார். உடல் கிடைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து மேலே வருபவர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம்; அவருடைய ஆணி காலியாகவே இருந்தது. செல்வியின் பிறந்தநாளை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“ஒரு தபா அவரு பேரை அந்த போர்டுல பாத்துட்டா போதும்மா,” என்றார் அவள் அம்மா ரோஸம்மா.

இந்த வருடம் செல்வியின் பிறந்தநாளன்று அவர் பெயரை எழுதினேன். தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசகசாலைச் செயலாளர் ஈரத்துணியோடு வந்தார்.

“இன்னாம்மா இது? தேவராஜ் இன்னா மந்திரியா? செத்தவன் பேரெல்லாம் எழுதணும்னா மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் போர்டு வெக்கணும்!”

“வெய்யுங்க சார்,” என்றாள் செல்வி.

அவர் அழித்தார். பலகைக்குக் கீழிருந்த ஆணியில் துணியை மாட்டினார்.

அப்போது தரை உள்ளிருந்து உறுமியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. சுரங்கத்தை மூடி, அதில் தண்ணீர் நிரம்பி எத்தனையோ காலமாகிறது. ஆனாலும் உள்ளே பாறை வெடித்தால், யார் சிக்கினார்கள் என்று பார்க்க ஓடுவதுதான் எங்கள் ஊர்க் கால்களுக்குத் தெரிந்த ஒரே பழக்கம். எல்லோரும் ஷாஃப்ட் இருக்கும் திசையில் ஓடினோம். முதலில் ஓடியவர் செயலாளர். அவரும் சுரங்கக்காரர் மகன்தானே.

“இன்னாத்துக்கு எல்லாம் ஓடுறீங்க?” என்றார் தெருமுனை டீக்கடைக்காரர். அவர் கடையில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை.

திரும்பி வந்தோம். துணி தரையில் கிடந்தது. ஆணியில் ஒரு பித்தளை டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது. ரோஸம்மா அதிலிருந்த எண்ணை விரலால் தடவினார்.

“அவரோடதுதான். ஏறி வந்துட்டாரு,” என்றார். அழவில்லை.

நாங்கள் ஓடிய நேரத்தில் யாரோ மாட்டியிருக்கலாம் என்பீர்கள். இருக்கட்டும். ஒரு மனிதனின் பெயருக்கு இடம்கொடுக்க நமக்கு மனமில்லாததால், அத்தனை ஆழத்திலிருந்து அவரே ஏறிவந்து சொல்ல வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

டோக்கன் இப்போது செல்வி வீட்டில் இருக்கிறது. சுரங்கத்தின் அடியில் அனல் அடிக்கும், வியர்வையில் குளித்துத்தான் மேலே வருவார்கள் என்பார்கள். மார்கழிக் குளிரில் அதைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ராத்திரி துடைத்து வைத்தாலும், விடியும்போது அது ஈரமாக இருக்கிறது. நக்கிப் பார்த்த செல்வி சொன்னாள், உப்புக் கரிக்கிறதாம்.