உடையாத எக்ஸலை யார் நம்புவார்?

லொறி ரிப்பேர் தொழிலில் இரும்பைப் பழுது பார்ப்பது பாதி வேலைதான். அதை உடைத்தது யார் என்ற வழக்கைக் கேட்டுக்கொண்டு நிற்பது மீதி வேலை.

கராஜில் வேலை பார்த்தவர்களுக்கும், கராஜுக்கு வண்டியை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளம் விட்டுப்போன லொறிகளைத் தோட்டங்கள் போட்டி போட்டு வாங்கின. அவற்றில் நாலு சக்கரமும் இழுக்கும். பின் சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றினால், டிரைவர் பக்கத்தில் இருக்கும் ஒரு கம்பியை நகர்த்தி முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கலாம். அதற்கு எங்கள் பேச்சில் முன்கியர். முன் சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு முன் எக்ஸல். முன்கியரைப் போட்டபடியே கெட்டியான தார் ரோட்டில் வளைந்து வளைந்து போனால் அந்தத் தண்டு முறுகும், முறுகி ஒருநாள் முறியும். ஹட்டனில் இருந்துகொண்டு, வளையாத ரோட்டுக்கு நாங்கள் எங்கே போவது?

சாக்கில் வந்தது

சவரிமுத்து திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லொறி டிரைவர். மலையிலிருந்து பச்சைக் கொழுந்தை ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்கு, ஏற்றுவான். அரைத்துப் பெட்டியில் அடைத்த தேயிலையை வட்டகொடை ஸ்டேஷனுக்கு இறக்குவான். ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் கொண்டுவந்த சாக்கை எங்கள் கராஜில் என் மேசைமேல் தொப்பென்று போட்டான். உள்ளே, முன்பு நாங்கள் மாட்டிக் கொடுத்த முன் எக்ஸல், இரண்டாக முறிந்து. முறிந்த இடம் கரும்பை முறுக்கிப் பிய்த்த மாதிரி இருந்தது. தார் ரோட்டில் முன்கியரோடு ஓட்டினால்தான் அப்படி முறியும்.

நான் முறிவையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவன் என் அலுமாரியில் அடுக்கியிருந்த பழைய எக்ஸல்களையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முன்கியரைப் போட்டுக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனாயா என்று கேட்டேன். அவன் குரலை உயர்த்தவேயில்லை.

"நான் ஓட்டுனதுல ஒரு கொறையும் இல்லங்க பாஸ். நீங்க போட்ட இரும்புல என்னா இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

கறுப்பு எக்ஸல்

இந்தத் தொல்லைக்கு முடிவாகக் கொழும்பிலிருந்து புது எக்ஸல்கள் வந்தன. பழையதைவிடச் சற்றுப் பருமன், உரமேற்றிய இரும்பு, எண்ணெய் பூசிய கறுப்பு நிறம். எத்தனை முறுக்கினாலும் உடையாது என்று கொண்டுவந்தவர் சொன்னார். அவர் விற்கிறவர், அப்படித்தான் சொல்வார். என்னோடு வேலை செய்த பியதாச ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டான். கோயில் மணி மாதிரி நின்று கேட்டது. அப்படியும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. உடைந்ததையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடையாத பொருள் திருட்டுப் பொருளாகத்தான் தெரியும்.

சவரிமுத்துவின் தோட்டத்துத் துரை தன் ஜீப்பில் நேரே வந்து இறங்கினார். வெள்ளைக்காரர், தோட்டத்துத் தமிழை அவரே ஒரு மாதிரியாக வளைத்துப் பேசுவார். பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, புது எக்ஸலைச் சுரண்டினார். உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. இல்லாதது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது. முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் மாட்டச் சொல்லிவிட்டு என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"பெயின்ட் அடிச்சி பழசு புதுசு பண்றது நான் நெறையப் பாத்தது. இது ஒடஞ்சா நான் ஒன்னைப் புடிக்கிறது."

ஒரு பக்கம் போதும்

அதே வாரம் வலப்பனையிலிருந்து காசிம் முதலாளி வந்தார். மரக்கறி ஏற்றுகிறவர், அவரிடமும் ஒரு பட்டாளத்து லொறி இருந்தது. புது எக்ஸலைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர், வலது பக்கத்துக்கு மட்டும் போடச் சொன்னார். இடது பக்கம் பழையதே இருக்கட்டுமாம். ஏன் என்று கேட்டேன். இரண்டும் புதிதானால் எது நல்லது என்று எப்படித் தெரியும் என்றார். அப்படியே மாட்டிக் கொடுத்தேன்.

ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். வலது உடையவில்லை. இடதும் உடையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகமோ சுருங்கிப் போயிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பியதாசவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"பழசே ஒடயலையே தம்பி, பின்னே என்னத்துக்கு என்னைப் புதுச வாங்க வச்சே?"

கதவைச் சாத்திக்கொண்டு

மீண்டும் அந்த வாரத்துக்கே, துரையின் லொறிக்கு வருகிறேன். புது எக்ஸல் மாட்டி முடிந்த அன்று துரை மறுபடி வந்தார். இந்த முறை கையில் மெல்லிய கம்பிச் சுருளும், பெட்ரோல் பீப்பாய்களுக்கு ஈய முத்திரை வைக்கிற குறடும் இருந்தன. அது மழையில்லாத பனிக்காலம். மலை ரோடெல்லாம் காய்ந்து கிடந்ததால் முன்கியருக்கு வேலை இல்லை. சவரிமுத்து சோம்பலில் அதைப் போட்டுக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போகிறான் என்பது துரையின் சந்தேகம். உண்மையைச் சொன்னால் என் சந்தேகமும் அதுவேதான். ஆகவே மழை வரும்வரை முன்கியரைக் கட்டி முத்திரை வைக்கப்போவதாகச் சொன்னார்.

அவிழ்க்கும் வித்தையை எங்களில் யாரும் கற்றுக்கொண்டுவிடக் கூடாதல்லவா? எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். தனியே லொறியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, முன்கியர்க் கம்பியை அந்த மெல்லிய கம்பியால் கட்டி, குறட்டால் அழுத்தி முத்திரை வைத்தார். பிறகு கட்டின் மேல் ஒரு கோணிப்பையைப் போட்டு மூடினார். அதை விலக்கவும் கூடாது.

சவரிமுத்துவின் பெண்சாதி அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நாலு பிள்ளைகளோடு தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு. டிரைவர் வேலை போனால் அவள் பேரும் பெரட்டில், காலை ஆள்கணக்கில், இருக்காது, காம்பராவும் போகும். பத்துச்சீட்டு என்ற விலக்கல் கடிதத்தோடு வெளியேறியவனை அந்த நாளில் வேறு தோட்டம் சுலபமாகச் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. துரைக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எல்லோர் முன்னாலும் அவனிடம் சொன்னார்.

"சீல் தொட்டா பத்துச்சீட்டு. ஒம் பொஞ்சாதி, புள்ளை, சட்டி பானை, எல்லாம் எடுத்துப் போறது."

டீமேக்கர் ஐயாவின் தீர்ப்பு

மழை வருமுன்னே லொறி வந்தது. முன் டயர் இரண்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. முன் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி, ரோட்டின் முனை திரும்பும்போதே கேட்கும்படி ஊளையிட்டது. கறுப்பு எக்ஸல்கள் மட்டும் கீறலில்லாமல் இருந்தன. எக்ஸல் முறிந்திருந்தால் முறுக்கு அதோடு விட்டிருக்கும். அது முறிய மறுத்ததால், மற்றதெல்லாம் அதன் பங்கையும் சேர்த்து அனுபவித்துவிட்டது.

பின்னாலேயே ஜீப்பில் துரையும், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரும் வந்தார்கள். டீமேக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் எதையும் பார்ப்பார். லொறிக்குள் எட்டி, கோணிப்பையின் ஓரத்தைத் தூக்கி முத்திரையை மட்டும் பார்த்தார். அப்படியே இருந்தது. நான் சவரிமுத்துவைத் தனியே இழுத்துப்போய், உண்மையைச் சொல், உனக்காகப் பேசுகிறேன் என்றேன். சீலை அவன் தொடவில்லை என்பதற்கு மேல் ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. அந்த அழுத்தத்தைப் பார்த்ததும் என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. டீமேக்கர் அதற்குள் துரையிடம் தீர்ப்பையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"சீல் உடையேல்லை எண்டால், கள்ளச் சீல் செய்து போட்டிருக்கிறான் எண்டுதானே அர்த்தம்?"

சக்கரம் சுற்றவில்லை

துரை எங்கள் முதலாளியின் அறைக்குள் போய்த் தேநீருக்கு உட்கார்ந்தார். தோட்டத்துக்குத் திரும்பியதும் பத்துச்சீட்டு என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சவரிமுத்து சுவரோரமாகக் குந்தியிருந்தான். நான் வேலையைத் தொடங்க வேண்டுமே என்று ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன். முன்கியர் விலகியிருந்தால் அது சும்மா சுற்ற வேண்டும். அசையவில்லை. பியதாசவும் கைகொடுத்தான். இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. முன்கியர் விழுந்து, பிடித்தபடிதான் இருந்தது, அந்த நிமிடத்திலும்.

லொறிக்குள் ஏறிக் கோணிப்பையை விலக்கினேன். கட்டுக்கம்பியின் முறுக்கில் ஒரே சீரான தூசி, லேசான துரு. யாரும் அவிழ்த்துக் கட்டியதாக இல்லை. முன்கியர்க் கம்பி முன்பக்கமாகத் தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. துரையின் ஜீப்பில் முன்னுக்குத் தள்ளினால் முன்கியர் விலகும். இந்த லொறியில் முன்னுக்குத் தள்ளினால் விழும். கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல், துரை தன் கையாலேயே முன்கியரைப் போட்டு அதற்கு முத்திரையும் வைத்திருக்கிறார். அன்று முதல் தார் ரோட்டில் லொறி போன ஒவ்வொரு வளைவுக்கும் அவரே பொறுப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரோரத்தில் இருந்தவனைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவன் கிட்டே போய், உனக்கு இது தெரியவேயில்லையா, இத்தனை நாள் மாடு மாதிரி இழுத்த ஸ்டேரிங் உன் கையில்தானே இருந்தது என்று கேட்டேன். துரை இருந்த அறைக் கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மொத வளைவுலயே தெரியுங்க பாஸ். போய்ச் சொன்னா, மூடி வச்ச கம்பி எந்தப் பக்கம் இருக்குன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்னு கேப்பாருங்களே."

துரை ஏறி இறங்கினார்

நான் போய்த் துரையைக் கூப்பிட்டேன். குற்றம் என்ற பேச்சே எடுக்காமல், அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சுற்றிப் பார்த்தார். பிறகு லொறியில் ஏறினார், இந்த முறையும் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் உள்ளே இருந்தார். குறடு கட்டுக்கம்பியை வெட்டும் சத்தம் கேட்டது. கீழே இறங்கியவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கறுப்பு எக்ஸல் நல்ல எக்ஸல் என்றார். தோட்டத்தின் மற்ற லொறிக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்றார். டீமேக்கர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பத்துச்சீட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஜீப் போய்விட்டது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பியதாச ஓடிப்போய்ப் பிளேன்டீ வாங்கி வந்தான். தப்பித்துவிட்டாய், சிரியப்பா என்று சவரிமுத்துவின் முதுகில் தட்டினேன். அவன் கோப்பையைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. ஜீப் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பு தொரைமேலன்னு இப்ப எனக்குத் தெரியும்னு தொரைக்கும் தெரிஞ்சிருச்சுங்க பாஸ். இனிமேத்தான் எனக்குப் பயமா இருக்கு."

அந்த எக்ஸல் எவ்வளவு காலம் தாங்கும் என்று இப்போதும் என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வேறொரு காரணம் சொல்லித் துரை சவரிமுத்துவைக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு அனுப்பிய பிறகும் அது அதே லொறியில் உடையாமல் ஓடிக்கொண்டிருந்தது.