தறி வீட்டுக்கு ஒரு நாய் விசில்

ஊதிப் பார்த்து, சத்தம் கேட்கவில்லை என்பதற்காகவே வாங்க வேண்டிய சாமான் நாய் விசில். அதை விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். பள்ளிபாளையத்தில் செல்லப்பிராணிக் கடை வைத்திருக்கிறேன். நாய் பிஸ்கட், மீன் தீனி எல்லாம் தானாக விற்கும். இந்த விசில் மட்டும் தொண்டைத் தண்ணீரை வற்ற வைத்துவிடும்.

தறிக்கடியில் தூக்கம்

பெரியசாமியும் அவர் மனைவி சரசுவும் ஒரு காலையில் வந்தார்கள். வீட்டை ஒட்டிய பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அவர்களுடைய நாய் கருப்பி, ஓடாமல் நிற்கும் தறிக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளுமாம். மற்ற தறிகளின் இரைச்சலில் கூப்பிட்டால் எடுபடாதாம். பார்க்காமல் மோட்டாரைப் போட்டதில் வால் நுனி பெல்ட்டில் மாட்டித் தோல் உரிந்துவிட்டதாம். வீட்டுக்குள் ஊதத் தோதான விசில் வேண்டும் என்றார் பெரியசாமி. சரசு என் முகத்தையே பார்த்துச் சொன்னார்: "அடுத்த தடவ வாலோட போவாதுங்க்கா."

ஓடி வந்தவர்கள்

சத்தமே கேட்காத விசிலுக்கு எதற்குக் காசு என்று, போலீஸ்காரர் ஊதுகிற மாதிரியான ஸ்டீல் விசிலைப் பிடிவாதமாக வாங்கிப் போனார் பெரியசாமி. மறுநாளே சரசுவோடு திரும்பி வந்தார். தறிப்பட்டறையில் ஒருவரை ஒருவர் கூப்பிடச் சீட்டியடிப்பதுதான் வழக்கம். சீட்டி கேட்டால் தறியை நிறுத்திவிட்டு வர வேண்டும். எனக்கு இது தெரியாது. தெரிந்த அவருக்கோ வாங்கும்போது ஞாபகம் வரவில்லை. நடந்ததை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "நாயி வல்லீங்க்கா. வேலைக்கிருந்த ரெண்டு பேரும் தறிய நிறுத்திப்போட்டு ஓடியாந்துட்டாங்க. நின்ன தறிக்கடியில இது போயிப் படுத்துக்கிச்சு."

காற்றுதான் வருகிறது

இந்த முறை திருகு வைத்த விசிலை எடுத்தேன். திருகத் திருக ஒலி கீச்சென்று மேலே ஏறி, கடைசியில் நாய்க்கு மட்டும் கேட்கும். பழக்குவதற்கு முதலில் மனிதருக்கும் கேட்கிற அளவில் வைக்க வேண்டும். அப்படி வைத்து ஊதினேன். மீன் தீனி வாங்க வந்த அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பெரியசாமி, காற்றுதான் வருகிறது என்றார்.

கேலி செய்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. சரசுவைப் பார்த்தால் அவரும் உதட்டைப் பிதுக்கினார். திருகைத் தளர்த்தித் தளர்த்தி ஊதினேன். மீன் தீனி அம்மாள் வாசலுக்கே போன பிறகுதான் இவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். தறிச் சத்தம் இத்தனை காலம் தங்கள் காதைத் தின்றிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். சரசு கேட்டார்: "அப்ப எங்க கருப்பிக்குக் கேக்குமுங்களா?"

கருப்பியின் காது

மனது பொறுக்காமல் மாலையில் அவர்கள் வீட்டுக்கே போனேன். தறி ஓடுகிற பட்டறைக்குள் நின்றதும் தலைக்குள் ஆணி அடிப்பது போலிருந்தது. கருப்பி வழக்கமான இடத்தில் படுத்திருந்தது. கடையில் முதலில் வைத்த அளவிலேயே ஊதினேன். அதன் காது சட்டென்று நிமிர்ந்தது. கையிலிருந்த பிஸ்கட்டைக் காட்டியதும் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. வேலைக்கு இருந்து தறியோட்டிய இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்து நிம்மதியாகவும் அவர்களைப் பார்த்துப் பகீரென்றும் இருந்தது.

உடனே காது டாக்டரைப் பாருங்கள், காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு தறி ஓட்டுங்கள் என்று படபடவென்று சொன்னேன். பார்க்கலாமுங்க என்று தங்கள் காதைப் பற்றிய பேச்சை அத்தோடு முடித்துவிட்டார் பெரியசாமி. பிறகு கருப்பியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் விட்டு, பட்டறைக் கதவைச் சாத்தினார். "இத இனிப் பட்டறைக்குள்ளயே உடறதில்லைங்க்கா. இதோட காதாவது மிஞ்சட்டும்."

நாய்க்கு விசில் விற்கப் போய், நாயைத் தவிர வீட்டில் உள்ள எல்லாரையும் காது டாக்டரிடம் போகச் சொல்லிக் கெஞ்சுவதே இப்போது என் தொழிலாகிவிட்டது.