கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

ஏலக்காய் வியாபாரியின் காதில் ‘ஏலம்’ என்ற சொல் விழுந்தால் கால் ஓரிடத்தில் தரிக்குமா? மூன்று மாதத்துக்கு முன்பு, ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்கே திரும்புகிறார், பங்களாச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். குமுளியில் கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸிலேயே போய் நின்றேன்.

மேஜை, நாற்காலி, பீரோ எல்லாம் பெரிய கைகளுக்குப் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது ஒரு தகரப் பெட்டி. துரைசானி தன் குழந்தைக்கு வைத்திருந்த கம்பளிச் சட்டை, குல்லா, காலுறை, கையுறை... கூடவே நாலைந்து கட்டி வாசனை சோப்பு! என் மகள் நூருவுக்கு அப்போது நாலு மாதம். குமுளிக் குளிரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என்னைவிடக் கெட்டிக்காரத் தகப்பன் இந்த மலையில் உண்டா?

நூரு சீமைப் பிள்ளையாகிவிட்டாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டினேன்.

பத்து நாளில் அவள் கன்னம் இரண்டும் சிவந்தன. பிறகு கழுத்து, முழங்கை மடிப்பு. தடித்தது, வெடித்தது, நீர் கசிந்தது. கரப்பான்! அரிப்புத் தாங்காமல் முகத்தை என் தோளில் தேய்த்துத் தேய்த்து அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை.

கரப்பான் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் பிள்ளையைப் பார்ப்பதில்லை — பெற்றவளின் தட்டைத்தான் பார்க்கிறார்கள். எல்லாம் பால் வழியாகத்தானே போகிறது! பாலக்காட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த என் அக்கா, கத்தரிக்காய்தான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னாள். அடுத்த வீட்டு மலையாளத்துச் சேச்சி கருவாட்டை நிறுத்தினாள். ஆனைக்கரையிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு வந்தவர், கேட்காமலே மீனையும் முட்டையையும் விலக்கச் சொன்னார். கம்பம் பஸ் கண்டக்டர் சும்மா இருப்பாரா? அவர் பங்குக்கு வேர்க்கடலை.

கடைசியில் என் மனைவி ஆமினாவுக்கு மிஞ்சியது ரசமும் சோறும் சுட்ட அப்பளமும். எதிரே உட்கார்ந்து நான் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். நானா பால் கொடுக்கிறேன்?

ஒருநாள் அவள், “பசிக்குதுங்க” என்றாள். பிள்ளைக்காகத்தானே, பொறுத்துக்கொள் என்றேன். அதை இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குளிர்காற்றுப் பட்டால் புண் ஏறுமே — ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை. சொறிகிறாளே — கைக்குக் கம்பளி உறை. நீர் கசிகிறதே — காலையும் மாலையும் சீமை சோப்புக் குளியல். கத்தரிக்காய் அவள் தட்டைவிட்டுப் போய் மூன்று வாரமாகியும் கரப்பான் மட்டும் போகவில்லை. ஆமினாவுக்குப் பால் குறைய ஆரம்பித்தது. நூரு குடிக்க வாய் வைப்பாள், கிடைக்காமல் வீறிடுவாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

போன வாரம் இரண்டு பேரையும் ஏலப்பாறை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே திருநெல்வேலிப் பக்கத்து நர்சம்மா ஒருவர். பிள்ளையை எடை போட்டார். முகம் மாறிவிட்டது. நீ என்னம்மா சாப்பிடுகிறாய் என்று ஆமினாவைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நிறுத்திய பண்டங்களின் பட்டியலை நானே ஒப்பித்தேன் — கொஞ்சம் பெருமையாகவே.

“ராவுத்தரே, இத்தனையும் நிறுத்திட்டா பிள்ளைக்குப் பால் எங்கேருந்து வரும்?” என்றார் நர்சம்மா.

பிறகு நூருவின் சட்டை, உறை எல்லாவற்றையும் கழற்றினார். அந்தச் சட்டையை என் கழுத்தைச் சுற்றி, காலருக்குள் நன்றாகத் திணித்தார். பெஞ்சில் உட்காருங்கள், அடுத்த ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

ஒரு நிமிஷம் கம்பீரமாக இருந்தேன். இரண்டாவது நிமிஷம் கழுத்தைத் திருப்பினேன். ஐந்தாவது நிமிஷம்... டிஸ்பென்சரி முழுக்கப் பார்க்கச் சொறிந்துகொண்டே அதைப் பிடுங்கி எறிந்தேன். திரும்பி வந்த நர்சம்மா சிரிக்கக்கூட இல்லை.

சோப்பு வேண்டாம் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். உடுத்த, துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துணி. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பிள்ளைக்காரி வயிறாரச் சாப்பிட வேண்டும். அடியோடு போய்விடும் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை. வரும், போகும், வளர வளரப் பெரும்பாலும் அடங்கும், அதுவரை பக்குவமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

இந்த ஒரு வாரத்தில் கன்னச் சிவப்பு பாதி இறங்கியிருக்கிறது. பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு நூரு தூங்குகிறாள். சீமை போய்விட்டது... பிள்ளை திரும்பி வந்திருக்கிறாள்.

நேற்று மத்தியானம் ஆமினா கருவாடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் எதிரே தட்டோடு உட்கார்ந்தேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டோம் பார்த்தாயா, என்றேன். கண்டுபிடித்ததில் எனக்கும் பங்கு உண்டு என்கிற குரலில்தான்!

அவள் தலை நிமிரவில்லை.

“ஏனுங்க, உங்களுக்கு அரிச்சதும் நீங்க கழட்டிட்டீங்க. அவ எப்படிங்க கழட்டுவா? கையிலயும் அதையேதானே மாட்டி வெச்சிருந்தோம்.”

என் தட்டிலிருந்த கருவாட்டையும் எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.