மூச்சுக்குக் கொடுத்த வயிற்று மருந்து

என் வீட்டுக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், இவர் காலையிலிருந்து நின்றபடியே இருப்பார். டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. யாராவது இருமினால் போதும், இவருக்குக் கை துறுதுறுக்கும். சீட்டு இல்லாமல் வருகிறவர்களை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறினாலும் பக்கத்து சீட்டுக்காரரின் நெஞ்செரிச்சலைத்தான் விசாரிப்பார். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

இவருடைய தங்கைக்கு மாதம் நிறையாமலே பெண் குழந்தை பிறந்தது. எடை கூடும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அவள் கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால் எங்களோடுதான் இருந்தாள். குழந்தை பால் குடித்ததும் கொஞ்சம் கக்கும். அது எல்லாக் குழந்தையும் செய்வதுதான். ஆனால் தூங்கும்போது பார்க்கத்தான் பயமாக இருக்கும். சீராக வந்துகொண்டிருக்கிற மூச்சு சட்டென்று நின்றுவிடும். நானும் அவளும் எங்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்போம். பிறகு ஒரு விம்மலோடு திரும்ப வரும்.

"அண்ணா, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்துடலாமா?" என்றாள் நாத்தனார்.

"போடி பைத்தியம்! பால் கக்குறால்ல? வயித்துல இருக்கிற ஆசிட் மேல ஏறி மூச்சை அடைக்குது. அதை அடக்கிட்டா மூச்சு தானா ஓடும். இதுக்கெல்லாம் டாக்டரா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

அன்றைக்கே கடையிலிருந்து ஒரு சொட்டு மருந்து வந்தது. அண்ணன் சொல்லிவிட்டால் அவளிடம் மறுபேச்சு கிடையாது. கக்குவது குறைந்த மாதிரி இருந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சு நிற்பது நிற்கவில்லையே என்று நான் வாயெடுத்தால், "மருந்து இப்பத்தானே உள்ள போயிருக்கு, பொறு" என்பார். நானும் பொறுத்தேன். என்னை எதால் அடிப்பது?

ஒருநாள் காலை. நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். நான் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே தொட்டிலை எட்டிப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், அசையவில்லை. தூக்கி முதுகைத் தேய்த்து, "அடியே, மூச்சு விடுடி!" என்று கத்தினேன். அப்புறம்தான் வீலென்று அழுதது. ஈரத்தலையோடு நாத்தனாரும் நானும் ஆட்டோவில் ஏறினோம். சேதி கேட்டு இவர் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்.

குழந்தையின் நெஞ்சில் ஒயரை ஒட்டிவிட்டு டாக்டரம்மா கேட்டார், "ஏதாவது மருந்து குடுத்துட்டு இருக்கீங்களா?"

இவர் மின்விசிறியைப் பார்த்தார். நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க டாக்டர்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. சேச்சே! பச்சைக் குழந்தை அங்கே கிடக்கிறது, இவருடைய கௌரவத்தைக் காப்பாற்றவா இவள் பொய் சொல்ல வேண்டும்? அதையும் இவர் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே!

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

இவர் மருந்தின் பெயரைச் சொன்னார்.

"யார் எழுதிக் குடுத்தாங்க?"

"நான்தான் டாக்டர். மருந்துக்கடையில வேலை பார்க்கிறேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மாசம் நிறையாத குழந்தைங்க. மூச்சு விடுன்னு சொல்ற மூளை இன்னும் பழகல, அதான் நடுநடுவுல நின்னுடுது. உங்க மருந்து ஆசிட்டைத்தான் குறைக்கும், மூச்சை ஓட வைக்காது. அது கிருமி சுலபமா தொத்தவும் வழி பண்ணும். எல்லாத்தையும் விட, மருந்து குடுக்கிறோமேன்னு நம்பி இங்க கூட்டிட்டு வராம இருந்துட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து" என்றார். அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மூச்சைத் தூண்டிவிட, காபியில் இருக்கிற கஃபீன் என்கிற அதே சரக்கைத்தான் மருந்தாக அளந்து கொடுத்தார்கள். மூச்சு நிற்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

வராந்தாவில் இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"விடுண்ணா, நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்ச?" என்றாள் தங்கை.

"அதில்லடி. என் தங்கச்சி குழந்தைக்கே இதைத்தான் குடுக்கிறேன்னு கடைக்கு வந்தவங்ககிட்ட பெருமையடிச்சு, அவங்களுக்கும் எடுத்துக் குடுத்திருக்கேன்."

"யார் யாருக்கு?" என்றேன்.

"ஞாபகம் இல்ல."

இந்த மனுஷனுக்கு நான் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ளவே அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு கைக்குழந்தையோடு யார் கடைக்கு வந்தாலும், "உங்களுக்கு நான் சொட்டு மருந்து ஏதாவது குடுத்தேனா?" என்று கேட்க ஆரம்பித்தார். வியாபாரம் கெடுகிறதே என்று முதலாளி முறைத்தார். ஒருநாள் மதியம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.

"ஆமாண்ணா, நீங்கதான் குடுத்தீங்க! மூச்சு விட்டு விட்டு வருதுன்னு கேட்டேனே. உங்களுக்கு நல்ல கைராசி. இப்பல்லாம் சத்தமே இல்லாம தூங்குது. இன்னொரு பாட்டில் குடுங்க."

இவர் முகம் வெளிறிப்போனது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். "வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நானும் வர்றேன்."

"ஐயையோ, எதுக்குண்ணா? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாதும்மா. தெரியாமத்தான் குடுத்தேன்."

கடை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.