அத்தர்க்காரரின் பனியன்

பாண்டி பஜாரில் அத்தர் விற்கும் ஹனீஃபா, வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் கூண்டுப் பக்கமே போவார். உள்ளே இரண்டு சுகர் கிளைடர்கள். காற்றில் மிதந்து தாவும் உள்ளங்கையளவுப் பிராணிகள். ஆளை வாசனையால் அறிகிற அவை, அத்தர் வாடை பட்டால் சீறும். தினமும் பப்பாளி நறுக்கவும் கூண்டைக் கழுவவும் அவர் அலுத்துக்கொண்டதே இல்லை.

பெருநாளுக்கு வீட்டைச் சுத்தம் செய்த மனைவி குல்ஷன், அவை சுருண்டு படுக்கும் அவருடைய பழைய பனியனையும் துவைத்துவிட்டாள். இரண்டும் அதைத் தொடாமல் மூலையில் ஒண்டின.

கூண்டு கழுவி வேர்த்திருந்த ஹனீஃபா, போட்டிருந்த பனியனைக் கழற்றி உள்ளே வைத்தார். உடனே தாவி வந்து அதற்குள் புகுந்துகொண்டன.

"ஊருக்கே வாசனை விக்கிறீங்க. இதுங்களுக்கு உங்க வேர்வைதான் வேணுமா?" என்றாள் குல்ஷன்.

"அந்தச் சரக்கு வேற எவன் கடையிலயும் கெடைக்காது," என்றார் ஹனீஃபா.