செதுக்கி எடுத்த இடம்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் நானும் மனைவியும் ஓர் அறையில் இருந்தோம். மேல்மாடியில் ஒரு ஜப்பானியர் தனியாக வசித்தார். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் அச்சுப்படம் எடுப்பவர். எடுத்ததெல்லாம் கிராமங்கள். அவருடைய பலகைகளைச் சிலவேளை படியேற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்குமேல் பழக்கமில்லை.

அந்த மாசியில் எங்கள் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி அழவில்லை, பேசவுமில்லை. சமைத்தாள், என் ரெஸ்ரோறன்ட் உடுப்புகளைத் தோய்த்தாள், ஜன்னலோரம் இருந்தாள்.

ஜப்பானியர் எப்படி அறிந்தாரோ, ஒரு படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் தந்துவிட்டுப் போனார். வைக்கோல் கூரை வீடுகள், மூங்கில் வேலி, எங்கும் பனி. சுவரில் ஒட்டினேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் திடீரென்று படத்தைப் பார்த்து, "உந்த ஊரிலை ஒருத்தரும் இல்லையோ?" என்றாள். வாய் திறந்தாளே என்று அப்போதே மேலே அவரிடம் கூட்டிப்போனேன்.

என் பிரெஞ்சு அரைகுறை, அவருடையதும் அப்படித்தான். "குளிர்காலம். எல்லோரும் உள்ளே," என்றார்.

"பிள்ளையளும் உள்ளுக்கையோ? கேளுங்கோ."

கேட்டேன். அவர் எழுந்துபோய் அந்தப் படத்தின் பலகையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். வீடுகளும் வேலியும் மேடாக நின்றன. பனியெல்லாம் செதுக்கி எடுத்த பள்ளம். மை படாததால் காகிதத்தில் வெள்ளையாகிறது. வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் ஓரிடத்தில் மட்டும் உளித்தடம் முரடாக இருந்தது. அங்கே முதலில் ஒரு சிறுமி நின்றாளாம். அவருடைய மகள். சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒவ்வொரு தாளாக அச்செடுக்கும்போதும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உளியால் எடுத்துவிட்டார்.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் மனைவி அந்த இடத்தை விரலால் தடவினாள்.

"என்ரை பிள்ளையின்ரை முகத்தை எனக்குக் காட்டவேயில்லை, அண்ணை," என்று அவரிடம் தமிழிலேயே சொல்லி அழத் தொடங்கினாள். அவர் என்னவென்று கேட்கவில்லை. தலை குனிந்தபடி பக்கத்தில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை நான் மட்டுமே பார்த்திருந்தேன். கீழே வந்ததும் சொன்னேன்: "மூக்கு உம்மடை மூக்குத்தான். தலை நிறைய மயிர்."

"பிறகு?" என்றாள். இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

புறநகரிலுள்ள திரான்சிக்கு வீடு மாறும்வரை, ஞாயிறுகளில் மேலே போய் அவருக்கு அச்செடுக்கக் காகிதம் நனைத்துக் கொடுத்து வந்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.